மூணு தடவ கேன்சல் ஆகி நாலாவதா நடந்த பிரன்ச், அப்புறம் கடைத்தெரு. அவ ஏன் பாதியிலயே கெளம்பிட்டா?

நத்தை_நடை | ஞாயிறு, இரவு 9.12

நீளமா எழுதப்போறேன், பொறுமை இருக்கவங்க மட்டும் படிங்க. எனக்கு ஹாஸ்டல் காலத்துல இருந்து ஒரே ஒரு ஃப்ரெண்ட், மத்தவங்கல்லாம் வந்தாங்க போனாங்க, இவ மட்டும் நிக்கிறா. ரெண்டு பேருக்கும் நாப்பது தாண்டியாச்சு, வேலை, வீடு, பிள்ளைங்கன்னு ஓடிட்டே இருக்கோம். ஒரு நாள் வெளிய சந்திப்போம், நிதானமா லேட்டா காலைச் சாப்பாடு, அதான் பிரன்ச், அப்புறம் அந்த ஏரியாவுல இருக்க சின்னச் சின்ன கடையெல்லாம் சும்மா சுத்துவோம்னு பிளான் போட்டு மூணு தடவ கேன்சல் ஆச்சு. ரெண்டு தடவ நான், ஒரு தடவ அவ. இன்னிக்குத்தான் நடந்துச்சு.

பத்தரைக்கு உக்காந்தோம், பன்னண்டே முக்கால் வரைக்கும் எழுந்திரிக்கல. அவ்ளோ பேச்சு. பழைய வார்டன் கதை, அவ பையன் கதை, என் மாமியார் கதை, ஒண்ணு விடல. அது வரைக்கும் எல்லாம் நல்லா இருந்துச்சு, சொல்லப்போனா ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறு வலிக்க சிரிச்சேன்.

கடைத்தெருவுல எறங்கினதும்தான் ஆள் மாறிட்டா. மொத கடைக்கு உள்ள வந்தா. ரெண்டாவது கடைல “நீ போய்ப் பாரு டி, நான் இங்க வாசல்லயே நிக்கிறேன்”னா. எது கேட்டாலும் ம், சரி, நல்லாருக்கு, அவ்ளோதான் பதில். ஒரு கடைல மூடி போட்ட குட்டி பீங்கான் ஜாடி ஒண்ணு, கரும்பச்சைக் கலர், அவளுக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. கைல எடுத்தா, மூடியைத் தெறந்தா, மூடினா, மறுபடி தெறந்தா, அப்புறம் கவுத்து அடியில இருந்த ஸ்டிக்கரைப் பாத்துட்டு “வேணாம் டி, இதை வேற தூக்கிட்டு நடக்கணும்”னு வச்சிட்டா.

அடுத்து செருப்புக் கடை. அங்க மட்டும் அரை மணி நேரம். ஆறோ ஏழோ ஜோடி போட்டுப் பாத்தா, ஒண்ணு கூட வாங்கல. கடைப் பையன் டப்பாவைத் தெறந்து தெறந்து மூடிட்டு இருக்கான், எனக்கே பாவமா இருந்துச்சு. “வாங்கப்போறியா இல்லியா”ன்னு கொஞ்சம் சுள்ளுனு கேட்டுட்டேன். எதுவும் சொல்லாம தன்னோட பழைய செருப்பை மாட்டிட்டு எழுந்துட்டா. சாயங்காலம் வரைக்கும் இருக்கறதா பிளான், மூணு மணிக்கே “கெளம்பறேன் டி”ன்னு வண்டி புக் பண்ணிட்டா. அப்புறம் “வந்துட்டேன்”னு ஒரு மெசேஜ். ஒரு ஸ்மைலி கூட இல்ல.

ஆங், பில்லு எப்பவும் போல ஆளுக்குப் பாதி. அவ ஒழுங்காவே சாப்பிடல, எதையோ கொறிச்சிட்டு காபி மட்டும் ரெண்டு குடிச்சா. என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு தூக்கமே வரல. யாருக்காவது ஏதாவது தோணுதா?

---

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.40

இதுல யோசிக்க என்ன இருக்கு? காசு. ஒழுங்கா சாப்பிடல, பில்லு பாதிப் பாதி, புடிச்ச ஜாடியைக் கவுத்து வெலை பாத்துட்டு வச்சிட்டாங்க, ஏழு ஜோடி செருப்புல ஒண்ணு கூட வாங்கல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

நீங்கதான் மூணு பேரு சாப்பாட்டை ஆர்டர் பண்ணிருப்பீங்க, கோவிச்சுக்காதீங்க. பாதிப் பாதினு முடிவாயிட்டாலே மனுசன் கை நீளும். 2004ல இஸ்ரேல்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆறு ஆறு பேரா ஒரு ஹோட்டல்ல உக்கார வச்சு, சில குழுவுக்கு அவங்கவங்க பில்லை அவங்கவங்களே கட்டணும், சில குழுவுக்கு மொத்தத்தையும் சமமாப் பிரிக்கணும்னு சொன்னாங்க. சமமாப் பிரிச்ச மேசைல ஜாஸ்தி ஆர்டர் போச்சு. ஆனா முன்னாடியே எப்படிக் கட்டறீங்கன்னு கேட்டா பெரும்பாலானவங்க தனித்தனியாத்தான் கட்டறோம்னாங்க. அதாவது யாருக்கும் அந்த முறை புடிக்கல, புடிக்கலன்னு சொல்லவும் வாய் வராது. உங்க ஃப்ரெண்டு கதையும் அதுதான்.

---

பைதூக்கி | ஞாயிறு, இரவு 9.58

வாசல்ல நிக்கிற சங்கத்துல நான் ஆயுள் உறுப்பினர், அதனால சொல்றேன். சில பேருக்குக் கடைன்னாலே ஆகாது, அவ்ளோதான் மேட்டர். என் வீட்டம்மா உள்ள போனா நான் வெளிய நின்னு எதிர்க்கடை போர்டுல எழுத்துப்பிழை தேடுவேன். கல்யாணம் ஆகி பதினாறு வருஷம், இன்னும் கோவமெல்லாம் இல்ல, சந்தோஷமாத்தான் நிக்கிறேன். சும்மா மண்டையைப் போட்டுக் கொழப்பிக்காம தூங்குங்க.

---

நத்தை_நடை | ஞாயிறு, இரவு 10.15

@பைதூக்கி அவளுக்குக் கடைன்னா உசுரு. ஹாஸ்டல்ல மாசக் கடைசில கைல பைசா இருக்காது, அப்பவும் வா டி சும்மா பாத்துட்டு வரலாம்னு இழுத்துட்டுப் போனதே அவதான். கடைல எதையும் வாங்காம ரெண்டு மணி நேரம் சுத்தறது எப்படின்னு எனக்குக் கத்துக்குடுத்ததே அவதான். அதனாலதான் இன்னிக்கு வாசல்ல நின்னது எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

@கணக்குப்பிள்ளை என்னைவிட அவ நல்லா சம்பாதிக்கிறா. ஆனா நீங்க சொன்னதுக்கப்புறம் எனக்கே டவுட்டு வருது, வேலைல ஏதாவது பிரச்சனையோ, சொல்லலையோன்னு. மூணு பேரு சாப்பாடெல்லாம் இல்ல, ரெண்டு பேரு சாப்பாடுன்னு வச்சுக்கங்க.

---

அரைத்தூக்கம் | ஞாயிறு, இரவு 10.31

சீரியஸான இழைல விளையாட்டா ஒண்ணு சொல்லிக்கறேன். சாப்பிட்டுட்டுக் கடைக்குப் போனதே புத்திசாலித்தனம். 2015ல வந்த ஒரு ஆய்வுல பசில இருக்கவங்க சாப்பிடற பொருள் மட்டும் இல்ல, பேப்பர் புடிக்கிற கிளிப்பைக் கூட ஜாஸ்தியா அள்ளிட்டாங்களாம், அதும் கிளிப்பு அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கான்னு கேட்டா அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லயாம். பசி வந்தா மூளைல ‘எடு எடு’ன்னு ஒரே மணிதான் அடிக்குது போல, சோறா கிளிப்பான்னு அது பாக்கறதில்ல.

ஆனா காபி குடிச்சிட்டுப் போனீங்க பாருங்க, அது ஆபத்து. பிரான்ஸ்லயும் ஸ்பெயின்லயும் கடை வாசல்லயே காபி குடுத்துப் பாத்தாங்க, 2022ல ஆய்வு வந்துச்சு. பாதிப் பேருக்கு நெஜ காபி, மீதிப் பேருக்கு கஃபீன் இல்லாத காபி, இல்லன்னா தண்ணி. கஃபீன் உள்ள போனவங்க ஏறக்குறைய அம்பது சதவீதம் அதிகமா செலவு பண்ணாங்க. ரெண்டு காபி குடிச்சும் உங்க ஃப்ரெண்டு ஒண்ணும் வாங்கலன்னா, அவங்க இரும்பு மனுஷி.

அப்புறம் இந்த பிரன்ச்ங்கற வார்த்தை, 1895ல கை பெரிஞ்சர்னு ஒரு பிரிட்டிஷ்காரர் பத்திரிகைல எழுதினதுதான் மொதல்ல அச்சுல வந்ததா சொல்றாங்க. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போயிட்டு வந்து மூட்டையா ஒரு கனத்த சாப்பாடு சாப்பிடறதுக்குப் பதிலா, லேட்டா எழுந்து லேட்டா லேசா சாப்பிடுவோமேன்னு வக்காலத்து வாங்கினாரு. சனி ராத்திரி ஊத்திக்கிட்டவங்களுக்கும் சௌகரியம்னாரு. அவரு சொன்ன முக்கியமான காரணம் என்னன்னா அந்தச் சாப்பாடு மனுசங்களைப் பேச வைக்கும்ங்கறது. உங்க ரெண்டே கால் மணி நேரம் அவரு கணக்குல சரியாத்தான் போயிருக்கு.

---

தூரத்துஇடி | ஞாயிறு, இரவு 10.50

எல்லாரும் சுத்தி வளைக்கறீங்க. கடைப் பையன் முன்னாடி சுள்ளுனு விழுந்தீங்கல்ல, அதான். யாரா இருந்தாலும் மூஞ்சி சுருங்கத்தான் செய்யும். மன்னிப்புக் கேளுங்க, முடிஞ்சுது.

---

நத்தை_நடை | ஞாயிறு, இரவு 10.58

அது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அவ வாசல்ல நின்னது அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிங்க. நான் வாயைத் தெறக்கறதுக்கு முன்னாடியே எதுவோ ஆயிருக்கு.

---

பழையவரைபடம் | ஞாயிறு, இரவு 11.20

என் கருத்து, இடம் தேர்வுல தப்பு. வெயில்ல தெருத் தெருவா நடக்க வச்சா யாருக்கும் மூடு போயிரும். மால்ல ஏசி இருக்கு, உக்கார இடம் இருக்கு, பாத்ரூம் இருக்கு.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. முழுசா மூடின, ஏசி போட்ட மொத மால் 1956ல அமெரிக்காவுல மினசோட்டாவுல தெறந்தாங்க, சவுத்டேல்னு பேரு. அதை டிசைன் பண்ண விக்டர் குரூயன் வியன்னாவுல பொறந்து வளந்தவரு. காரை விட்டு எறங்காத ஜனங்களுக்கு வியன்னா மாதிரி நடந்து, உக்காந்து, பேசிட்டு இருக்க ஒரு எடம் குடுக்கணும்ங்கறதுதான் அவரு ஆசை. வந்து சேந்தது என்னமோ கார் பார்க்கிங் கடலுக்கு நடுவுல ஒரு டப்பா. கடைசி காலத்துல இந்தப் பிள்ளைங்களுக்கு நான் அப்பன் இல்லன்னு சொல்ற அளவுக்கு வெறுத்துட்டாரு. ஆளை மலைக்க வச்சு வந்த வேலையவே மறக்கடிக்கிற கடை அமைப்புக்கு இன்னிக்கும் அவரு பேரைத்தான் வச்சிருக்காங்க, பாவம்.

---

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11.31

அப்ப நீங்களே மாலைத் திட்டிட்டு மாலுக்குப் போகச் சொல்றீங்களா? ஒரு பக்கம் நில்லுங்க சார்.

---

பழையவரைபடம் | ஞாயிறு, இரவு 11.36

பெஞ்சு போட்ட தெரு கெடைச்சா தெருதான் பெஸ்ட். பெஞ்சு இல்லாத தெருவுக்கு மால் தேவலைன்னு சொல்றேன். அதுல என்ன ரெண்டு பக்கம்.

---

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 11.45

மால் சண்டையைத் தனி இழைல வச்சுக்கங்க. இங்க அவங்க கேட்ட கேள்விக்கு மட்டும்.

---

கட்டுத்துணி | திங்கள், காலை 6.20

ராத்திரி படிச்சேன், காலைல இன்னொரு தடவ மொதல்ல இருந்து படிச்சேன். நான் பிசியோதெரபிஸ்ட், அதனால என் கண்ணு வேற எடத்துலதான் போய் நிக்குது. மூணு கேள்வி கேக்கறேன், ஞாபகப்படுத்திச் சொல்லுங்க மா.

ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்காந்துட்டு அவங்க எழுந்தப்ப எப்படி எழுந்தாங்க? மொத பத்து இருவது அடி எப்படி நடந்தாங்க? செருப்பைப் போட்டுப் பாக்கறப்ப எந்த எடத்தைத் தொட்டுப் பாத்தாங்க? அவங்க போட்டுட்டு வந்த பழைய செருப்பு தட்டையா, மெல்லிசா இருந்துச்சா? (நாலாயிடுச்சு, பரவால்ல.)

---

நத்தை_நடை | திங்கள், காலை 7.05

ஐயோ. இருங்க, கை நடுங்குது.

எழுந்தப்ப நாற்காலி முதுகைப் புடிச்சிட்டு ஒரு நிமிஷம் நின்னா. நான் பேக்குல பர்ஸைத் தேடிட்டு இருந்தேன், அவ எனக்காகத்தான் வெயிட் பண்றான்னு நெனச்சேன். நடந்தது... “மெதுவாப் போ டி”ன்னா. நான் நத்தைன்னு அவதான் பேரு வச்சா, எப்பவும் அவ முன்னாடி போவா, நான் பின்னாடி. நேத்து நான் முன்னாடி போயிட்டு இருந்தேன். அது எனக்கு இப்பதான் ஒறைக்குது.

செருப்புக் கடைல ஒவ்வொரு ஜோடியையும் கைல எடுத்து உள்ளுக்குள்ள குதிகால் படற எடத்தைக் கட்டை வெரலால அமுக்கி அமுக்கிப் பாத்தா. மெட்டீரியல் செக் பண்றான்னு நெனச்சேன். பழைய செருப்பு ரொம்ப மெல்லிசு, அடி தேஞ்சிருந்துச்சு.

---

கட்டுத்துணி | திங்கள், காலை 7.30

முகம் பாக்காம நோய் சொல்லக் கூடாது, நான் சொல்லவும் மாட்டேன். ஆனா அவங்ககிட்ட குதிகால் வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

நம்ம உள்ளங்கால்ல குதிகால் எலும்புல இருந்து வெரல் வரைக்கும் ஒரு தடிச்ச நார்ப்பட்டை போகுது. அது குதிகால்கிட்ட நொந்து போச்சுன்னா வர்ற வலிக்கு பிளான்டர் ஃபேசியைட்டிஸ்னு பேரு. பத்துல ஒருத்தருக்கு வாழ்க்கைல எப்பவாவது வரும்னு சொல்வாங்க, நாப்பதுல இருந்து அறுபது வயசுல ஜாஸ்தி. இதோட குணமே ஒரு தினுசு. காலைல கட்டில்ல இருந்து எறங்கி வைக்கிற மொத அடி ஆணி மேல வச்ச மாதிரி இருக்கும். நாலு அடி நடந்தா கொறையும். ரொம்ப நேரம் உக்காந்துட்டு எழுந்தா மறுபடியும் அதே ஆணி. அப்புறம் கடினமான தரைல நின்னுக்கிட்டே இருந்தா சாயங்காலத்துக்குள்ள திரும்ப வந்துரும்.

இப்ப உங்க நாளைப் பாருங்க. ரெண்டே கால் மணி நேரம் உக்காந்தாச்சு, அடுத்து சிமெண்டுத் தரை, டைல்ஸ் தரை, கடை கடையா நில்லு, நட, நில்லு, நட. அந்த வலிக்குன்னே யாரோ திட்டம் போட்டுக் குடுத்த மாதிரி இருக்கு. கடை சுத்தறது நேரா நடக்கறதை விட மோசம், ஏன்னா நடக்கறதைவிட நிக்கிறதுதான் ஜாஸ்தி.

---

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 8.10

டாக்டரம்மா, எல்லாம் சரி. ஜாடியை ஏன் கவுத்துப் பாத்தாங்க? குதிகாலுக்கும் வெலை ஸ்டிக்கருக்கும் என்ன சம்பந்தம்? ஏன் சாப்பிடல? நான் என் கட்சியை விடமாட்டேன்.

---

கட்டுத்துணி | திங்கள், காலை 8.22

பிசியோதெரபிஸ்ட். ஜாடி என் துறை இல்ல தம்பி.

---

தூரத்துஇடி | திங்கள், காலை 9.15

உக்காந்த எடத்துல இருந்தே துப்பறியறீங்க எல்லாரும். ஃபோனை எடுத்து அந்தம்மாகிட்ட கேட்டா அஞ்சு நிமிஷம்.

---

நத்தை_நடை | திங்கள், இரவு 10.05

கேட்டுட்டேன். அஞ்சு நிமிஷம் இல்ல, ஒண்ணரை மணி நேரம்.

ஹலோ கூட சொல்லாம “குதிகால் வலிக்குதா டி”ன்னுதான் ஆரம்பிச்சேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் “உனக்கு யார் சொன்னா?”ன்னா. மூணு மாசமா இருக்காம். வலது கால். டாக்டர்கிட்ட ரெண்டு வாரம் முன்னாடிதான் போயிருக்கா, கட்டுத்துணி அக்கா சொன்ன அதே பேரைத்தான் சொல்லிருக்காரு. போயிட்டு வந்து என்கிட்ட மட்டும் சொல்லல.

ஏன் டி சொல்லலன்னு கேட்டேன். “மூணு தடவ கேன்சல் ஆச்சு, நாலாவது தடவ நான் கால் வலின்னு சொன்னா இனிமே நடக்கவே நடக்காதுன்னு தோணுச்சு. அப்புறம் நீ கடைத்தெருன்னதும் பல்லு தெரிய சிரிச்ச பாரு, உன்னைப் புடிச்சு உக்கார வைக்க மனசு வரல”ன்னா. எனக்கு அழுகையும் வருது, கோவமும் வருது. இவளை அடிக்கறதா கட்டிப்புடிக்கறதான்னு தெரியல.

செருப்புக் கடைல ஏன் அவ்ளோ நேரம்னு கேட்டதுக்கு ஒரு பதில் சொன்னா பாருங்க. “அந்தத் தெருவுலயே உக்கார நாற்காலி இருந்த ஒரே கடை அதுதான் டி.” ஏழு ஜோடி போட்டுப் பாத்ததுல நாலு ஜோடி சும்மா, எழுந்திரிக்காம இருக்கறதுக்காக. மீதி மூணு நெஜமாவே தேடிருக்கா, குதிகால்ல மெத்துனு இருக்கணும்னு. அப்பதான் நான் சுள்ளுனு விழுந்தேன். அதுக்கு மன்னிப்புக் கேட்டேன். “அந்தப் பையன்கிட்ட கேளு, பாவம் அவன்தான் டப்பா அடுக்கினான்”னா.

@கணக்குப்பிள்ளை இப்ப உங்களுக்கு. அவ சாப்பிடாததுக்குக் காரணம், வலி மாத்திரையை வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க, அதனால காலைல எட்டு மணிக்கே வீட்ல சாப்பிட்டு மாத்திரை போட்டுட்டு வந்திருக்கா. பில்லைப் பத்திக் கேட்டதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சா. ஜாடியைக் கவுத்துப் பாத்தது வெலைக்கு இல்லையாம், மைக்ரோவேவ்ல வைக்கலாமான்னு அடியில ஒரு குறி போட்டிருப்பாங்கல்ல, அதுக்காம்.

---

பைதூக்கி | திங்கள், இரவு 10.12

மைக்ரோவேவ்!!! கணக்குப்பிள்ளை, எங்க இருந்தாலும் மேடைக்கு வரவும்.

---

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 10.30

வந்துட்டேன். தலை குனிஞ்சு நிக்கிறேன். இருந்தாலும் பாதிப் பாதி பில்லு பத்திச் சொன்னது சரிதான், அடுத்த தடவ கொறிச்சவங்களைக் கட்ட விடாதீங்க.

---

நத்தை_நடை | திங்கள், இரவு 10.41

அதை ஒத்துக்கறேன். அடுத்த பில்லு என்னோடது.

@கட்டுத்துணி அக்கா, அடுத்த மாசம் மறுபடி போலாம்னு சொல்றா, அடம் புடிக்கறா. கூட்டிட்டுப் போலாமா? எப்படிப் போறது?

---

கட்டுத்துணி | செவ்வாய், காலை 6.40

அவங்க டாக்டர் சொன்னதுதான் மொதல்ல. நடக்கவே கூடாதுன்னு அவரு சொல்லலன்னா தாராளமாப் போகலாம், நாள் அமைப்பை மட்டும் மாத்துங்க. ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு ஒரேயடியா ரெண்டு மணி நேரம் நிக்கிறதுக்குப் பதிலா கொஞ்சம் நட, கொஞ்சம் உக்காருன்னு கலந்து வைங்க. ரெண்டு கடை, ஒரு காபி, ஒரு கடை, வீடு. அவ்ளோ போதும்.

எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி, நாற்காலில உக்காந்தபடியே வலிக்கிற காலைத் தூக்கி மத்த தொடை மேல போட்டுக்கிட்டு, கால் வெரலையெல்லாம் கையால புடிச்சு முழங்கால் பக்கமா இழுக்கணும். சரியா இழுத்தா உள்ளங்கால்ல ஒரு கயிறு முறுக்கின மாதிரி தெரியும், இன்னொரு கையால தொட்டுப் பாத்தா வெறைப்பா இருக்கும். பத்து எண்ணி விடணும், அப்படிப் பத்து தடவ. ஒரு நாளைக்கு மூணு வேளை, அதுல ஒண்ணு கட்டாயம் காலைல மொத அடி வைக்கறதுக்கு முன்னாடி. 2003ல வந்த ஒரு ஆய்வுல, வெறும் கெண்டைக்கால் தசைநாரை மட்டும் இழுத்தவங்களைவிட இப்படி உள்ளங்காலை இழுத்தவங்களுக்கு வலி நல்லாக் கொறைஞ்சிருந்துச்சு. என்கிட்ட வர்றவங்க முக்கால்வாசிப் பேரு செய்யறேன் செய்யறேன்னு சொல்லிட்டு செய்யாம இருக்கறதும் இதைத்தான்.

செருப்பு வாங்கறதா இருந்தா காலைல போகாதீங்க. சாயந்தரம் கால் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும், அப்ப போட்டுப் பாத்தாத்தான் உண்மையான அளவு. நம்ம ரெண்டு காலும் ஒரே சைஸ் இல்ல, பெரிய காலுக்கு வாங்கணும். அப்புறம் வீட்லயும் வெறுங்காலோட டைல்ஸ்ல நிக்க வேணாம்னு சொல்லுங்க. மாசக்கணக்குல ஆகும், ஆனா பெரும்பாலும் ஆபரேஷன் எதுவும் இல்லாமயே சரியாயிடும்.

---

அரைத்தூக்கம் | செவ்வாய், காலை 11.02

இதைப் படிச்சுட்டு ஆபீஸ் நாற்காலில காலைத் தூக்கித் தொடை மேல போட்டு இழுத்துப் பாத்தேன், மேனேஜர் பாத்துட்டாரு.

எனக்கு ஒண்ணு தோணுது. 2018ல அமெரிக்காவுல கன்சாஸ் யுனிவர்சிட்டில ஜெஃப்ரி ஹால்னு ஒருத்தர் கணக்கு போட்டாரு, தெரிஞ்சவங்க சாதா ஃப்ரெண்டு ஆக அம்பது மணி நேரம், நல்ல ஃப்ரெண்டு ஆகத் தொண்ணூறு, நெருங்கின ஃப்ரெண்டு ஆக எரநூறு மணி நேரத்துக்கு மேல கூட இருக்கணும்னு. ஹாஸ்டல்ல ஒண்ணா இருந்தவங்க அதை ஒரே மாசத்துல தாண்டிருப்பீங்க. ஆனா எரநூறு தாண்டினவங்களுக்குக் கூட குதிகால் வலியைச் சொல்ல மூணு மாசம் ஆவுது பாருங்க.

---

தூரத்துஇடி | செவ்வாய், பகல் 12.20

நெருங்கினவங்ககிட்டதான் சொல்ல மாட்டோம். எனக்கு கண் ஆபரேஷன் ஆனது எங்க அக்காவுக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். வாட்ச்மேனுக்கு மொத நாளே தெரியும்.

---

பழையவரைபடம் | செவ்வாய், பகல் 1.10

பெஞ்சு பத்தி நான் அன்னிக்கே சொன்னேன்னு பதிவு பண்ணிக்கறேன். மட்டுறுத்துநர் ஐயா, இது இழைக்குச் சம்பந்தப்பட்டதுதான்.

---

நத்தை_நடை | ஒரு மாதம் கழித்து, சனி, இரவு 8.50

இழையை மேல தூக்கறதுக்கு மன்னிக்கவும், ஆனா சொல்லாம இருக்க முடியல. இன்னிக்குப் போயிட்டு வந்தோம்.

ஒரு நாள் முன்னாடி நான் மட்டும் போய் அந்தத் தெருவுல எங்கெங்க உக்காரலாம்னு பாத்துட்டு வந்தேன், யாராவது கேட்டிருந்தா என்ன பதில் சொல்லிருப்பேன்னு தெரியல. நூலகத்து வாசல்ல ஒரு திண்டு, மருந்துக்கடைல மூணு நாற்காலி, ஒரு மரத்தடில சிமெண்டு பெஞ்சு. இத்தன வருஷம் அந்தத் தெருவுல சுத்திருக்கேன், அங்க பெஞ்சு இருந்ததே தெரியாது.

இந்தத் தடவ மத்தியானத்துக்கு மேலதான் கெளம்பினோம், அதனால பிரன்ச்னு சொல்ல முடியாது, பேரு எதுவா இருந்தா என்ன. எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி மேசைக்கடியில காலைத் தூக்கிப் போட்டு வெரலை இழுத்தா, அடுத்த மேசைல ஒரு தாத்தா எட்டிப் பாத்தாரு. எண்ணறது என் வேலை. பத்து வரைக்கும் எண்ணணும், பேச்சு சுவாரஸ்யத்துல நான் எட்டுல விட்டுட்டேன், எங்க விட்டன்னு திட்டு வாங்கி மறுபடி ஒண்ணுல இருந்து.

செருப்புக் கடைல அதே பையன். எங்களைப் பாத்ததும் அவன் முகம் போன போக்கு! இந்தத் தடவ அவளே காலை அளந்து சொல்லச் சொன்னா. பாத்தா வருஷக்கணக்கா அவ போட்டுட்டு இருந்த சைஸே தப்பு, வலது கால் அரை சைஸ் பெருசு. ரெண்டாவது ஜோடியே செட்டாயிடுச்சு. பழசை அந்தக் கடைலயே விட்டுட்டு புதுசை மாட்டிட்டு வந்தா. கடைல இருந்து மரத்தடி பெஞ்சு வரைக்கும் எனக்கு முன்னாடி நடந்தா.

ஜாடி போயிடுச்சு. அந்தக் கரும்பச்சை இனிமே வராதாம். ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, மூடி ஒடஞ்சது, கடைக்காரம்மா உள்ள வச்சிருந்தாங்க. “மூடி இல்லாம எப்படி டி”ன்னேன். அவ கவுத்துப் பாத்துட்டு “மைக்ரோவேவ்ல வைக்கலாம்”னு வாங்கிட்டா.

---

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 9.04

மூடி இல்லாததுக்கு வெலை கொறைச்சாங்களா?

---

நத்தை_நடை | சனி, இரவு 9.07

பாதி. நீங்க கேப்பீங்கன்னு தெரியும், அவளும் “அந்தக் கணக்கு ஆளுக்குச் சொல்லிடு”ன்னா.

---

பைதூக்கி | சனி, இரவு 9.15

எல்லாம் சரி, பையை யாரு தூக்கினது?

---

நத்தை_நடை | சனி, இரவு 9.16

நான்தான்.